குளிக்கும்போது தலைவலி, கேஸ் கீசரில் மஞ்சள் தீ: பேட்டரி மாற்றினால் சரியாகுமா?

கேள்வி (சத்துவாச்சாரி, வாடகை வீடு)
பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 8 அடி. உள்ளேயே 6 லிட்டர் கேஸ் கீசர், புகைக்குழாய் கிடையாது. மார்கழிக் குளிருக்காக வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். ஒரு வாரமாகக் கடைசியில் குளிக்கிறவருக்குத் தலைவலி, குமட்டல். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடுகிறது. கேஸ் வாடை துளியும் இல்லை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. நீலமாக எரிந்த தீ இப்போது மஞ்சளாக எரிகிறது. வெந்நீரும் சன்னமாகத்தான் விழுகிறது. வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறது. பேட்டரி மாற்றினால் போதுமா?

பதில் (கீசர் மெக்கானிக், காட்பாடி)
இன்றைக்கே ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். யாரும் அந்தக் கீசரைப் போட்டுக் குளிக்க வேண்டாம். இது லீக் இல்லை, கார்பன் மோனாக்சைடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லிட்டர் கீசர் முழுத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 0.9 கிலோ கேஸ் எரிக்கும். 10 நிமிடக் குளியலுக்கு 150 கிராம். அது சரியாக எரிய சுமார் 2 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் பாத்ரூமில் இருப்பதே 8 கன மீட்டர்தான். அடைத்த அறையில் முதல் ஆள் குளித்து முடிப்பதற்குள் கால்வாசிக் காற்றைக் கீசர் பயன்படுத்திவிடுகிறது, எரிந்த புகையும் அங்கேயே சுற்றுகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய தீ அரைகுறையாக எரிந்து இந்த விஷ வாயுவைக் கக்கும். கடைசியாகப் போகிறவர் அவதிப்படுவது அதனால்தான்.

வாடை வராததற்கும் காரணம் உண்டு. சிலிண்டர் கேஸில் நாற்றத்துக்காகச் சேர்ப்பது மெர்காப்டன். அதுவும் கேஸோடு எரிந்துவிடுகிறது. மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பேட்டரி பொறி தட்டவும் கேஸ் வால்வைத் திறக்கவும்தான். மஞ்சள் தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பர்னர் துளையில் தூசி, சிலந்திக்கூடு, காயில் (தண்ணீர் சூடாகும் செம்புச் சுருள்) தகடுகளுக்கு நடுவே கரி, இவைதான் காரணமாக இருக்கும். கரி அடைத்தால் புகை மேலே ஏறாது, தீ இன்னும் கெடும். வெந்நீர் சன்னமாக வருவது வேறு கோளாறு. நம் ஊர் போர் தண்ணி உப்பு காயிலுக்குள் படிந்திருக்கும், அல்லது தண்ணீர் நுழையும் இடத்து வலை அடைத்திருக்கும். வலையை நீங்களே கழற்றிக் கழுவலாம். காயிலையும் பர்னரையும் ஆள் வைத்துக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆனால் சுத்தம் செய்த கீசரும் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது. பால்கனி அல்லது வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

பதில் (செவிலியர், வேலூர்)
காய்ச்சல் இல்லாமல் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளிக்காற்றில் குறைந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. 98 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். இப்போதும் தலைவலி இருக்கிறவர் ஆஸ்பத்திரிக்குப் போய், "கேஸ் கீசர் உள்ள பாத்ரூமில் குளித்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லட்டும். அப்போதுதான் ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) அளவைப் பார்ப்பார்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாதிப்பு சீக்கிரம் வரும்.

உள்ளே போனவர் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை என்றால் கதவை உடைத்து வெளியே இழுத்துப் போடுங்கள். உள்ளேயே வைத்து எழுப்பப் பார்க்காதீர்கள், எழுப்புகிறவரும் விழுந்துவிடுவார். உடனே 108.

கேள்வி (அதே நபர்)
மூடிவிட்டோம், அட்டையையும் எடுத்துவிட்டேன். ஹவுஸ் ஓனர், "கீசர் 20 நிமிஷத்துல தானா நின்னுடும், பயமில்ல. வேணும்னா எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்குங்க" என்கிறார். கேஸ் லீக் அலாரம் வாங்கி மாட்டினால் பிடிக்குமா அண்ணா?

பதில் (கீசர் மெக்கானிக், காட்பாடி)
அந்த 20 நிமிஷம் ஆளைக் காப்பாற்ற வைத்த கணக்கு இல்லை. அடைத்த அறையில் அதற்கு முன்பே மயங்கலாம். ஃபேனும் தனியாக உதவாது. கதவடியில் காற்று நுழைய வழியில்லாவிட்டால் ஃபேன் வீணாகச் சுற்றும். புகைக்குழாய் உள்ள கீசரானால் வெளியே போகவேண்டிய புகையையே அறைக்குள் திரும்ப இழுத்துவிடும்.

லீக் அலாரம் எரியாத கேஸை மட்டும் பிடிக்கும். அது தரையோரம் மாட்ட வேண்டியது, ஏனென்றால் சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். மோனாக்சைடுக்கு சென்சாரே வேறு, மாட்டும் உயரமும் வேறு. கேட்டு வாங்குங்கள். அதுவும் கீசரை வெளியே மாற்றிய பிறகு கூடுதல் காவலுக்குத்தான்.

பதில் (கேஸ் ஏஜென்சி பணியாளர், ராணிப்பேட்டை)
வெளியே மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். அடுப்பு டியூபில் 'T' இணைப்பு வைத்துப் பிரித்து, 4 மீட்டர் ரப்பர் டியூபை ஜன்னல் வழியாகக் கீசருக்கு இழுப்பது பல வீடுகளில் நடக்கிறது. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவருக்குள்ளேயும் ஓடக் கூடாது. தூரம் அதிகமென்றால் செம்புக் குழாய் பதித்து, கீசர் பக்கம் தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு சுரக்ஷா டியூபில் தயாரித்த வருடம் அச்சிட்டிருக்கும். 5 வருடம் ஆனதும் மாற்ற வேண்டும். பின்னால் எப்போதாவது கேஸ் வாடையே வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள்.

கேள்வி (அதே நபர்)
ஓனர் சம்மதித்துவிட்டார், பின்பக்கப் பால்கனிக்கு மாற்றுகிறோம். அதுவரை வெந்நீரைச் சமையலறையில் ஜன்னல் திறந்து காய்ச்சி எடுத்துப் போகிறோம். குழந்தையை இன்று சாயங்காலம் டாக்டரிடம் காட்டுகிறேன்.