ஹாரிஹவுசன் பைத்தியம் பிடித்தவர்கள் இங்கே வாருங்கள்

கிராபிக்ஸ் ஸ்டுடியோவில் ரோட்டோ வேலை பார்க்கிறேன், அதாவது நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பது. சலிப்புத் தட்டினால் நான் போட்டுப் பார்ப்பது 1963இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்து எலும்புக்கூடு சண்டையைத்தான். திரையில் சில நிமிடம், ஆனால் ரே ஹாரிஹவுசன் ஏழு பொம்மைகளையும் தனி ஆளாக இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்க நாலரை மாதம் ஆகியிருக்கிறது!

இந்த மனிதருக்குப் பித்துப் பிடித்தது 1933இல், லாஸ் ஏஞ்சலஸில் 'கிங் காங்' பார்த்தபோது. அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். வாய் பிளந்து பார்த்ததோடு விடாமல், இதை எப்படிச் செய்தார்கள் என்று குடையத் தொடங்கி, அம்மாவின் பழைய ஃபர் கோட்டை வெட்டிக் குகைக்கரடி பொம்மை செய்தார். (எங்கள் வீட்டில் பட்டுப்புடவை மேல் கத்திரி வைத்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.) அப்பா மெஷினிஸ்ட், பொம்மைகளுக்குள் வைக்க மூட்டு மூட்டாக உலோகச் சட்டம் செய்து கொடுத்தார். பிறகு 'கிங் காங்' குரங்கை அசைத்த வில்லிஸ் ஓ'பிரையனையே தேடிப்போய்த் தன் டைனோசரைக் காட்ட, அவர் கால்கள் சாசேஜ் மாதிரி இருப்பதாகச் சொல்லி, போய் உடற்கூறு படி என்று அனுப்பிவிட்டார். பையன் நிஜமாகவே படித்தான். 1949இல் அதே ஓ'பிரையனுக்கு உதவியாளர்.

—

ஃபில் டிப்பெட்டை விட்டுவிட்டீர்களே. அவர் ஏழு வயதில் ஹாரிஹவுசனின் சிந்துபாத் படம் பார்த்துக் கெட்டுப்போனவர். 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களை முதலில் பொம்மைகளாக அசைக்க இருந்தவரும் அவர்தான். கம்ப்யூட்டர் டைனோசர் ஓடிய சோதனைக் காட்சியைப் பார்த்ததும், நம் இனமே அழிந்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டார், அந்த வசனம் படத்திலேயே ஏறிவிட்டது. அப்புறமும் ஸ்பீல்பெர்க் அவரை விடவில்லை, கம்ப்யூட்டர் ஆட்களுக்கு மிருகம் எப்படி நடக்கும் என்று சொல்லித்தர ஆள் வேண்டுமே. எங்கள் டீமிலும் மாயா என்கிற அனிமேஷன் சாஃப்ட்வேரைப் பறக்கவிடுகிற பசங்க இருக்கிறார்கள், யானை திரும்பும்போது எடை எந்தக் காலில் இறங்கும் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

—

சரி, இந்தப் பித்து சின்ன வயதில்தான் பிடிக்கணும் என்று இல்லை. 'கிங் காங்' வந்தபோது ஜப்பானின் தந்திரக் காட்சி நிபுணர் சுபுராயாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. 1954இல் 'காட்ஸில்லா'வையும் அப்படியே பொம்மையாக அசைக்கத்தான் ஆசைப்பட்டார், நேரமும் பணமும் இல்லாததால் ஆளுக்கு ரப்பர் உடுப்பு மாட்டி நடக்கவிட்டார்.