பையன் கேட்கிறான், என்ன சொல்வது?

அம்மாபேட்டை அம்மா: மகனுக்குப் பத்து வயது. நாப்கின் விளம்பரம் பார்த்து "இது எதுக்கு?" என்றான். அவன் அப்பா தறியை நிறுத்தாமலே "போய்ப் படிடா" என்றுவிட்டார். கூடவே மாமியார் வேறு. எப்படி ஆரம்பிப்பது?

ஏற்காடு அக்கா: கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். கருப்பையின் உள்படலம் மாதாமாதம் உதிர்ந்து ரத்தத்தோடு வரும், காயமில்லை. அது போதும். நான் பேசியது பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகளில். முகம் பார்க்க வேண்டியதில்லையே! பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் மாற்றம் தொடங்கும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் லாட்ஜ் வைத்தியர் போஸ்டர்தான் அவனுக்குப் பாடம் நடத்தும்.

செவ்வாய்ப்பேட்டை: யாராவது தொட்டுவிட்டு "வீட்டில் சொல்லாதே" என்றால் உடனே சொல்லவும் பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-உம் தெரியட்டும்.

அம்மாபேட்டை அம்மா: சரி, வெள்ளிக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போனதும் பேசுகிறேன். அவன் அப்பாவையும் உட்கார வைக்கவா?

ஏற்காடு அக்கா: கட்டாயம். தறியை நிறுத்திவிட்டு!