கவிதாவின் ரவிக்கை அளவு

அம்மா: முகூர்த்த ரவிக்கையின் அளவை நாளைக் காலைக்குள் சொல்லும்படி தையற்காரர் கேட்கிறார். கவிதா இரண்டு மாதமாகக் காலையில் இரண்டு இட்லி, இரவில் ஒரு சப்பாத்தி என்றே இருக்கிறாள். முதல் மாதம் ஐந்து கிலோ குறைந்தது. அதன்பின் எடை நகரவில்லை. இன்னும் குறைவாள் என்று நம்பி இறுக்கமாகத் தைக்கச் சொல்லலாமா?

ராஜி அத்தை: யாருக்கும் தெரியாமல் எதையோ தின்கிறாள். டப்பாவில் இருக்கும் மைசூர்பாகை எண்ணிப் பாருங்கள்.

கவிதா அக்கா: அத்தை, அதைத் தின்றவர் மாமா.

பெரியப்பா: குழந்தையைத் திருடியாக்க வேண்டாம், ராஜி. தொடக்கத்தில் குறைந்ததில் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தும் அதனுடன் சேர்ந்திருந்த நீரும்தான். பிறகு, சம்பளம் குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சுருக்கத் தொடங்குகிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைவதால், கையிருப்பு கரைகிறது என்று மூளை அறிந்து பசியைக் கூட்டுகிறது. எரிக்கும் கலோரியையும், எடை குறைந்த அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கூடுதலாகவே குறைக்கிறது. இந்த லெப்டினை 1994இல்தான் கண்டுபிடித்தார்கள்.

நான்: பெரியப்பா பிழை திருத்துவார் என்பதால் முழு வாக்கியத்தில் கேட்கிறேன். இதற்குச் சான்று உண்டா?

பெரியப்பா: உண்டு. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை, 1945இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 24 வாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியில் வைத்திருந்தார். அவர்கள் உடல் எடையில் கால்பங்கை இழந்தார்கள். ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் சரிந்தது. நாடித்துடிப்பு மந்தமானது, தட்டை நக்கினார்கள், கோடைக்காலமான ஜூலையிலும் குளிருக்குப் போர்வை கேட்டார்கள்.

அம்மா: இவளும் ஒரு வாரமாக மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள். எட்டு மணிக்கே படுத்துவிடுகிறாள். நான் கோபம் என்று நினைத்தேன்.

ராஜி அத்தை: என் கல்யாணத்தில் என்னைக் குண்டு என்று சொன்ன அண்ணன் இன்று இவ்வளவு பரிவாகப் பேசுகிறார். போகட்டும், என் வீட்டுக்காரர் நான்கு கரண்டிச் சோறு தின்றும் ஒல்லியாக இருப்பது எப்படி?

பெரியப்பா: 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில் 16 பேருக்கு எட்டு வாரம் அன்றாடம் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகக் கொழுப்பு சேர்ந்தது, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல். கையைக் காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது போன்ற அசைவுகள் தாமாகக் கூடியவர்களுக்கே கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது.

கவிதா அக்கா: பந்தியில்கூட மாமா ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ராஜி அத்தை: அது உண்மைதான். ஆனாலும் அவள் சப்பாத்தியை அரையாகக் குறைத்துப் பார்க்கலாமே.

பெரியப்பா: வேண்டாம். மதியம் சோறும் பருப்பும் முட்டையும் சாப்பிடட்டும். ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

அம்மா: துணி விட்டே தைக்கச் சொல்கிறேன். ஆனால் எந்த அளவைக் கொடுப்பது, நிச்சயதார்த்தத்துக்கு எடுத்ததையா, இப்போதையதையா?