ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, டேஷ்போர்டைக் கழற்றி நானே மாற்றலாமா?

பிராம்ப்டன்வாசி:
பத்து வருடத்துக்கு மேல் ஓடிய செடான் கார். குளிர் தொடங்கியதிலிருந்து ஹீட்டரைப் போட்டாலே உள்ளே ஒரு இனிப்பு வாடை, முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுவென்று படலம், எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி படிகிறது. பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரம். கூலன்ட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டை முழுக்கக் கழற்ற வேண்டும் என்று கராஜில் சொன்ன கூலி, இந்த வண்டியை இன்று விற்றால் கிடைப்பதில் பாதி. பாகத்தின் விலை என்னவோ கம்மிதான். பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் எல்லாம் நானே மாற்றியவன். இதை வீட்டில் செய்ய முடியுமா? அதுவரை கசிவை அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டலாமா?

ஸ்காபரோ ஸ்பானர்:
தம்பி, அந்தத் திரவத்தை மட்டும் ஊற்ற வேண்டாம். ஹீட்டர் கோர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர், அதன் குழாய்கள் மிகக் குறுகல், திரவம் முதலில் அங்கேதான் போய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் சூடும் வராது.

கழற்றுவதற்கு முன் கோர்தான் என்று உறுதி செய்யுங்கள். கார்ப்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வழுவழுப்பும் நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம், இல்லை கண்ணாடிக்குக் கீழே இருந்து மழைநீர் இறங்கலாம். பாகக் கடைகள் சிலவற்றில் பிரஷர் டெஸ்டரை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு அதை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரைக்கும் பம்ப் பண்ணுங்கள் (பெரும்பாலும் 13 முதல் 18 பிஎஸ்ஐ). முள் இறங்க இறங்க ஹீட்டர் பெட்டிக்கு அடியில் சொட்டினால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலையும் பாருங்கள். சில வண்டிகளில் கால் வைக்கும் பக்கத்துப் பேனலை எடுத்தாலே கோரை உருவிவிடலாம், டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம்.

வெள்ளி சாவி:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம், இரண்டுமே ஆபத்தானவை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். டேஷ்போர்டு வெளியே வர வேண்டும் என்றால் ஏர்பேகும் கழன்றுதான் ஆக வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, அதன் பிறகே ஏர்பேகின் மஞ்சள் கனெக்டர்களைத் தொடுங்கள். கழற்றிய ஏர்பேகை முகம் மேலே பார்க்கும்படி வையுங்கள்.

இரண்டாவது ஏசி. பல வண்டிகளில் கோரும் எவாப்பரேட்டரும் (ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஒரே பெட்டிக்குள் இருக்கும், பெட்டியையே இறக்க வேண்டுமானால் ஏசி குழாய்களைப் பிரிக்காமல் முடியாது. ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடுவது இங்கே ஒன்டாரியோவில் சட்டப்படி குற்றம். அதற்கான சான்றிதழ் உள்ள கடையில் முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்காபரோ ஸ்பானர்:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று, எஞ்சின் பக்கம் இரண்டு ரப்பர் ஹோஸ் கோரின் குழாயில் ஒட்டிப் பிடித்திருக்கும். பிடித்துத் திருகி இழுத்தால் உள்ளே குழாய் வளைந்து ஒடியும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். புதுக் கோரைச் சுற்றிப் பழையதில் இருந்த மாதிரியே ஃபோம் பட்டை ஒட்டுங்கள், இல்லையென்றால் காற்று கோருக்குள் போகாமல் ஓரத்தில் நழுவிப் போய் சூடு குறைந்துவிடும்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள், மேனுவலில் உள்ள வகைதான் சரி. பாதிக்குப் பாதி கலந்தது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஊற்றும்போது முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து குமிழி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிடுங்கள். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும், புகை உள்ளே தேங்கக் கூடாது.

பிராம்ப்டன்வாசி:
ரொம்ப நன்றி. மேனுவலைப் பார்த்துவிட்டேன், என் வண்டிக்கு டேஷ்போர்டு இறங்கத்தான் வேண்டும், ஆனால் ஏசி குழாயைத் தொட வேண்டியதில்லை. நீண்ட வார இறுதி வரும்வரை அந்த இரண்டு ஹோஸையும் ஒன்றாக இணைத்து கோரைத் தவிர்த்து ஓட்டினால் என்ன?

வெள்ளி சாவி:
கசிவு நிற்கும், எஞ்சினும் ஓடும். ஆனால் கண்ணாடிப் பனியை விலக்கும் சூடு வராது. ஒன்டாரியோ ஜனவரியில் முன்னே எதுவும் தெரியாமல் ஓட்ட வேண்டி வரும், அதனால் வண்டியை நிறுத்திவைப்பதே நல்லது. வடித்த கூலன்ட்டைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் பிடித்து நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள்.