சம்பளம் கைமாறும் நேரத்தில் நீங்கள் கண்டது என்ன? மட்டக்களப்பு, அம்பாறை அனுபவப் பகிர்வு

கல்முனையிலிருந்து, புடவைக்கடையில் கணக்கு எழுதுபவர்

எங்கள் கடையில் மாதந்தோறும் 10ஆம் திகதி சம்பளம். பணத்தை எண்ணி உறையில் இட்டு, மேலே பெயரையும் தொகையையும் எழுதி, ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவது என்னுடைய வேலை. நுண்கடன் நிறுவனங்கள் கிழமைதோறும் தவணை வாங்கும் கிழமைக்கடனும், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பாக நின்று வாங்கும் குழுக்கடனும் இங்குள்ளவர்களுக்குப் பழகியவை.

சேலைப் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்குக் கடந்த வருடம் ஒரு மாதம் 27,000 ரூபாய்ச் சம்பளத்தில், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு 2,160 ரூபாய் கழிந்தது. முன்னரே வாங்கியிருந்த முற்பணம் 5,000 கழிந்தது. மிகுதி 19,840 ரூபாயை உறையிலிட்டுக் கொடுத்தேன். கையெழுத்து வைத்துவிட்டு, உறையைப் பிரிக்காமலே, சாமான் இறக்கும் பின்கதவுப் பக்கம் போனார். அங்கே தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் காத்துக்கொண்டிருந்தார். அக்கா உறையை அப்படியே நீட்டினார். நான் அடித்த பின்னை அந்தத் தம்பி பெருவிரல் நகத்தால் நெம்பிக் கழற்றி, நின்ற நிலையிலேயே எண்ணி, கிழமைக்கு 4,300 வீதம் நான்கு கிழமைக்குரிய 17,200 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிகுதி 2,640 ரூபாயை அதே உறையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அதை எண்ணிப் பார்க்கவில்லை. கைப்பையில் வைத்துவிட்டு, பாதியில் விட்டுவந்த சேலையை மடிக்கப் போய்விட்டார்.

என் மேசையிலிருந்து அந்தக் கதவு வரை இருபது அடி இருக்கும். அவருடைய ஒரு மாத உழைப்பு அவருடைய கையில் இருந்தது அந்த இருபது அடி தூரம் மட்டுமே. அந்தத் தம்பியின் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய சட்டைக் கழுத்தும் நைந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாதமும் பின் அடிக்கும்போது அந்த நகம் நினைவுக்கு வருகிறது.

கல்குடாவிலிருந்து, ஹோட்டல் ஊழியர்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். மாரி தொடங்கியதும் அறைகள் வெறுமையாகும், நாட்சம்பளக்காரர் வீட்டுக்கு அனுப்பப்படுவர். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் எழுத வந்தது வேறொன்று.

வெளிநாட்டுத் தம்பதியர் இருவர் கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், விடியற்காலையில் அவர்களைக் கடற்கரை வழியே அழைத்துச் சென்றேன். கயிற்றில் மூன்றாவது ஆளாக என் அப்பா நின்று இழுத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அந்த மனிதர் கேட்டார். நாட்கூலி கிடையாது, மீன் விற்ற காசில் செலவும் வலைச் சொந்தக்காரரின் பங்கும் போக மிஞ்சுவதைத்தான் இழுத்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். அன்று வலையின் மடியில் ஒரு கூடைக்கும் குறைவான சூடை மீன்தான் கிடந்தது. ஆகவே இன்று ஒன்றும் கிடைக்காது என்றும் சொன்னேன். பிறகு அவர் என் அப்பாவைக் காட்டி, அந்த முதியவருக்கு என்ன வயது இருக்கும் என்றார். அறுபத்து மூன்று என்று என் வாய் உடனே சொல்லிவிட்டது. எப்படித் தெரியும் என்று வியந்து கேட்டார். ஊகித்தேன் என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் நான் அவரைக் காட்டி ஏதோ பேசுகிறேன் என்பதும், "இவர் என் தகப்பன்" என்று சொல்பவனின் முகம் அப்படி இருக்காது என்பதும் அவருக்கு விளங்கியிருக்கும். ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுக் கயிற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் அன்றிரவு தங்கிய அறையின் வாடகை என் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்திலும் அதிகம். அந்தக் கணக்கு எனக்குப் பழகிவிட்டது. "ஊகித்தேன்" என்று சொன்னது மட்டும் பழகவில்லை.

சம்மாந்துறையிலிருந்து, நெற்செய்கையாளர்

இரண்டு பதிவுகளையும் படித்தேன், மனம் வருந்தியது. ஆனாலும், கூலி கொடுப்பவன் எப்போதும் கொழுத்தவன் என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருப்பதை நான் ஏற்கவில்லை. முதலாமவர், கடன் வசூலிக்க வந்தவரின் சட்டைக் கழுத்தைக் கவனித்தார். கடை முதலாளியின் வங்கிக் கடனை ஏன் கவனிக்கவில்லை? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில், அதாவது மாரி மழையோடு வரும் பெரிய நெற்பருவத்தில், மஞ்சளித்து நின்ற வேளாண்மையைப் பார்த்தவர்களுக்குத்தான் எங்கள் நிலைமை தெரியும். அடுத்த வருடம் விளைச்சல் திரும்பும் என்று பார்த்தால், 2021 தொடக்கத்தில் லீற்றர் 104 ரூபாயாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபாயாகிவிட்டது, அதுவும் வரிசையில் நின்றால்தான். அறுவடை ஒரே காலத்தில் வருவதால் எல்லோரும் ஒன்றாக விற்கப் போகிறோம். காயவைத்துச் சேமிக்க இடமில்லாதவன் ஈரநெல்லை வந்த விலைக்குத் தள்ளுகிறான். இரண்டு மாதம் கழித்து அதே நெல் அரிசியாகி ஆலையிலிருந்து என்ன விலைக்கு வருகிறது என்பதைக் கடையில் பாருங்கள். ஐந்து ஏக்கர்க்காரனையும் பெரிய ஆலைக்காரரையும் "முதலாளி" என்ற ஒரே சொல்லால் அழைப்பது நியாயமில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வாப்பாவின் காலத்தில் எங்கள் வயலில் முல்லைக்காரராக, அதாவது வயல் வேலைகளைப் பொறுப்பாக நடத்துபவராக, இருந்த பெரியவர் ஒருவர், சென்ற அறுவடையன்று வெட்டும் இயந்திரம் ஓடி முடியும் வரை வரம்பிலேயே இருந்தார். இயந்திரம் திரும்பும் இடங்களில், வயலின் மூலைகளில், கொஞ்சம் கதிர் வெட்டப்படாமல் நிற்கும். அவர் மடியிலிருந்து அரிவாளை எடுத்து, "தம்பி, மூலைகளை வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். அரை மணித்தியாலத்தில் முடித்தார். நான் ஒரு முழுநாள் கூலியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான்கு மூலைகளையும் விரலால் காட்டி எண்ணி, "மூலைக்கு நூறு, நானூறு போதும்" என்றார். நாற்பது பேர் இறங்கி வெட்டிய அந்த வயலில் அவருக்கு மிஞ்சியது நான்கு மூலை. இயந்திரத்தை நான்தான் வரவழைத்தேன். வரவழைக்காவிட்டால் மழையில் நெல் கிடந்து முளைத்திருக்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

என் கதை சிறியது. ஓய்வுக்கு முன், ஒரு பேக்கரியில் இருபது வருடம் அடுப்படியில் நின்றவர் என்னிடம் வந்து, தனக்குச் சேமலாப நிதியில் ஏதாவது சேர்ந்திருக்குமா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவருடைய பெயரில் ஒரு சதமும் இருக்கவில்லை. "பிழையில்லை ஐயா, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி, எனக்கு ஒரு பை பணிஸ் வைத்துவிட்டுப் போனார்.

அதனால்தான் கேட்காமலே சிலவற்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், தொழில்வழங்குநரின் பங்கு 12 சதவீதம். இதைவிட, ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்வழங்குநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்க முடியாது. தற்காலிகம், நாட்சம்பளம், பழகுநர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் இந்தக் கடமை போய்விடாது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, விலகும்போது வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. இது 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

குறைந்தபட்சச் சம்பளம் பற்றியும் தெரிந்திருங்கள். 2016இல் தேசிய மட்டத்தில் முதன்முதலாக மாதம் 10,000 ரூபாய் என்று சட்டமானது. 2021இல் 12,500 ஆனது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டபோதும், நிவாரணப்படிகள் நீங்கலாக அது அதே 12,500 ஆகவே நின்றது. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் ஏறிய அந்த இரண்டு வருடமும் சட்டம் அசையவில்லை. 2024இல்தான் 17,500, 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000, நாளொன்றுக்கு 1,200. இதைவிடக் குறைவாக வாங்குபவர் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, வங்கிப் பதிவு எதையும் எறியாதீர்கள். கல்முனைச் சகோதரர் எழுதிய அக்காவின் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, எந்த வருடத்திலிருந்து கட்டப்படுகிறது என்பதை அவரே பார்த்துச் சொல்லலாமே. சம்மாந்துறை அன்பருக்கு ஒரு சொல்: உங்கள் கஷ்டம் உண்மை. ஆனால் அந்தப் பெரியவர் நானூறு ரூபாய் கேட்டது, அவருடைய உழைப்பின் விலையை அவரே எங்களைவிட நேர்மையாக அளந்தார் என்பதைத்தான் காட்டுகிறது.

படுவான்கரையிலிருந்து, முன்னர் கணக்கெடுப்பில் ஈடுபட்டவர்

மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் சொன்ன சட்டங்களை நான் மதிக்கிறேன். ஆனால் என் அம்மா பதினாறு வருடம் பிறர் வீடுகளில் சமைத்துத் துவைத்தவர். 2016ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அவர் எந்தத் துண்டைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்?

நுண்கடனைப் பற்றியும் ஒன்று. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது, அது தவணை தவறியவர்களுக்கே உதவியது. குழுவில் மற்றவர்கள் தலைகுனியக் கூடாது என்று தாலிக்கொடியை அடைவு வைத்துக் கட்டி முடித்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. எங்கள் குழுவில் அப்படி இருவர் இருந்தார்கள்.

இனி என் அனுபவம். வறிய குடும்பங்களுக்கு அரசு வழங்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்காக வீடு வீடாகத் தகவல் திரட்டியபோது, ஒரு வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். கணவன் கட்டாரில் என்றார். ஏழு மாதமாகக் காசு வரவில்லை என்றார். வீட்டிலுள்ள பொருட்களைக் கேட்கும் பகுதிக்கு வந்ததும், மூலையில் நின்ற குளிர்சாதனப் பெட்டியை என் கண் பார்த்துவிட்டது. அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே விளக்கு எரியவில்லை. மேல்தட்டில் பிள்ளைகளின் கொப்பிகள், கீழே ஒரு சுண்டு அரிசியும் கொஞ்சம் பருப்பும் இருந்தன. 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியபின் நிலுவை கட்ட முடியாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்றும், எலி வராது என்பதால் அரிசியை அதற்குள் வைப்பதாகவும் சொன்னார். "இதை எழுதினால் எனக்குக் கிடைக்காதா, தங்கச்சி?" என்று கேட்டார்.

பெட்டி இருக்கிறது, இயங்கவில்லை என்று எழுதுவதற்கு இடம் இருக்கவில்லை. நான் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று கையெழுத்திட்டிருந்தேன். இருக்கிறது என்று பதிந்தேன். பட்டியல் வந்தபோது அந்தப் பெயரை இரண்டு தடவை தேடினேன். சம்மாந்துறை ஐயா, எல்லோரும் கஷ்டப்படுகிறோம் என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் உங்களுக்கு நிலம் இருப்பதால் நட்டத்துக்குப் பிறகும் அடுத்த போகம் ஒன்று வருகிறது. அந்தத் தாய்க்குப் போகம் என்று ஒன்று இல்லை.

சம்மாந்துறையிலிருந்து, நெற்செய்கையாளர்

சகோதரி, அந்த ஒரு வேறுபாட்டை நான் மறுக்க முடியாது. உரத் தடையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.

கல்முனையிலிருந்து, புடவைக்கடையில் கணக்கு எழுதுபவர்

மட்டக்களப்பு ஐயா கேட்டதற்கு இணங்க நேற்றுக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கடந்த பதினொரு வருடமும் அந்தப் படிவங்களை நிரப்பியவன் நானே.

அந்த அக்கா கடையில் சேர்ந்து ஒன்பது வருடம். சேமலாப நிதி கட்டப்பட்டிருப்பது ஐந்து வருடத்துக்கு. முதல் நான்கு வருடமும் அவர் "நாட்சம்பளம்" என்ற பெயரில், படிவத்தில் சேர்க்கப்படாமல் இருந்திருக்கிறார். அக்காலத்தில் யார் வந்தார், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை நாள்வாரியாக நீல மட்டை போட்ட ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். சிவப்பு மையில் அவருடைய பெயருக்கு நேரே நாட்கூலி இருக்கிறது. அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. அப்போது எனக்கு அது வெறும் கணக்காகவே தெரிந்தது. கடன் வசூலிக்க வந்தவரின் நகத்தைப் பற்றி இங்கே எழுதினேன். அந்த நான்கு வருடத்தை விடுத்துப் படிவம் எழுதிய கை என்னுடையது என்பதை எழுதவில்லை.

வருகிற 10ஆம் திகதிக்கு முன் முதலாளியிடம் பேசுவேன். அவர் நல்ல மனிதர். திருமணம், மரணம் என்றால் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர். ஆயினும் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஐயா, கடையின் முத்திரை இல்லாத, என் கையெழுத்தில் உள்ள அந்தக் கொப்பியைத் தொழில் அலுவலகம் சான்றாக ஏற்குமா? முறைப்பாட்டை அந்த அக்காதான் எழுத வேண்டுமா, நானும் எழுதலாமா?