தசைநார் கிழிவா, பிணைநார் அறுவா?

அன்புடையீர், வணக்கம்.

முழங்கால் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத் தமிழில் எழுத முற்பட்டால் முதல் வரியிலேயே லிகமென்ட் என்ற சொல் வந்து நிற்கிறது. அதற்குத் ‘தசைநார்’ என்ற வழக்கே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தசையை எலும்போடு சேர்ப்பது டெண்டன். எலும்பை எலும்போடு பிணைப்பது லிகமென்ட். பின்னதில் தசையே இல்லை. முன்னதைத் தசைநாண் என்றும் பின்னதைப் பிணைநார் என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

அதைவிட, லிகமென்ட் அறுவதைத் ‘தசைநார் கிழிவு’ என்று எழுதும்போது வரும் ‘கிழிவு’தான் என்னை அதிகம் உறுத்துகிறது. துணி கிழியும், கயிறு அறும். முழங்காலில் இரண்டுமே நேர்கின்றன. எலும்புகளுக்கிடையே மெத்தையாக இருக்கும் பிறைக் குருத்தெலும்பு கிழிகிறது, பிணைநார் அறுகிறது. பேச்சில் இரண்டையும் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் மருத்துவம் வேறு என்பதால், அறிக்கையைப் படிப்பவருக்கு எது போயிற்று என்று சொல்லிலேயே தெரிந்தாக வேண்டும்.

படமும் இதற்குத் துணை நிற்கிறது. முழங்கால் மூட்டுக்குள் சிலுவைபோல் ஒன்றையொன்று கடக்கும் பிணைநார்கள் இரண்டு. அவற்றில் முன்னதான முன் சிலுவைப் பிணைநார் (ஏ.சி.எல்.) நலமாக இருந்தால், பக்கவாட்டு வெட்டுப்படத்தில், தொடை எலும்பிலிருந்து முன்கீழாகச் சரிந்து இறங்கும் கறுத்த பட்டையாகத் தெரியும். கொலாஜன் இழைகளில் நீர் இறுகக் கட்டுண்டிருப்பதால் எம்.ஆர்.ஐ. கருவிக்கு அது தரும் சமிக்ஞை நொடியில் அடங்கிவிடுகிறது; அதனால்தான் அந்தக் கறுப்பு. பிணைநார் அறுந்த முழங்காலிலோ அந்தக் கறுமை நடுவில் தொடர்பற்றுப் போய், நீரை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படத்தில் அவ்விடம் வெளுத்து, மிஞ்சிய இழைகள் தொய்ந்து அலையலையாகக் கிடக்கும். பல வேளைகளில் தொடை எலும்பின் வெளிக்குமிழும் கீழ்க்கால் எலும்பின் பின்புற வெளிவிளிம்பும் கன்றிப்போயிருக்கும். இதைப் பார்த்த கண்ணுக்குக் ‘கிழிவு’ என்று எழுத மனம் வராது. ‘அறுவு’ அறுவை சிகிச்சையை நினைவூட்டும் என்றால் ‘அறுபடல்’ என்று வைத்துக்கொள்வோம்: பகுதி அறுபடல், முழு அறுபடல்.

‘சிலுவை’க்கு மாற்றாகக் ‘குறுக்கு’ என்று வைக்க இயலாது. பிறைக் குருத்தெலும்புகள் இரண்டையும் முன்புறம் இணைக்கும் குறுக்குப் பிணைநார் ஒன்று அதே மூட்டில் இருக்கிறது.

என் இலக்கணத்துக்கு அடங்காத இடம் ஒன்று உண்டு. முழங்கால் சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்கு இறங்கும் பட்டை, எலும்புக்கு எலும்பு என்ற கணக்கில் பிணைநார். தொடைத்தசையின் நாண் சில்லைத் தாண்டித் தொடர்வது என்று பார்த்தால் தசைநாண். ஆங்கிலத்திலும் இரு பெயர்களும் வழங்குகின்றன. அந்தப் பட்டை தசையின் இழுவிசையைச் சுமப்பதால் ‘சில்லுத் தசைநாண்’ என்பதையே நான் தேர்வேன். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.