'லாக்-ஃப்ரீ' என்பதற்குப் 'பூட்டில்லா' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'லாக்-ஃப்ரீ' ஹாஷ் அட்டவணையை (திறவுகோல் ஒன்றைக் கொண்டு தரவை அறைகளில் இட்டு விரைவில் தேடியெடுக்கும் அமைப்பு) 'பூட்டில்லா ஹாஷ் அட்டவணை' எனலாம் என்று முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தீர்கள். பார்த்ததும் விளங்கும் சொல்தான். ஆயினும் விளங்குவது தவறான பொருளாக இருப்பதால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

அட்டவணையின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கொடி இருப்பதாகவும், எழுத வரும் இழை (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளுள் ஒன்று), ஒப்பிட்டு மாற்றும் அணுநிலைக் கட்டளையால் (இடையில் பிற இழை புக முடியாதபடி ஒரே மூச்சில் முடிவது) அதை 0-இலிருந்து 1 ஆக்கிவிட்டு உள்ளே நுழைவதாகவும், 1 என்று காணும் பிற இழைகள் அது மீண்டும் 0 ஆகும்வரை சுற்றிக்கொண்டே இருப்பதாகவும் கொள்வோம். நிரலில் எங்கு தேடினாலும் மியூடெக்ஸ் என்னும் பூட்டு (ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் உள்ளே விடுவது) அகப்படாது. ஆனால் கொடியை ஏற்றிய இழையை இயங்குதளம் அக்கணமே உறங்கவைத்துவிட்டால், அந்த அறைக்கு எழுத வந்தவை அனைத்தும் வாயிலிலேயே நின்றுவிடும். இது லாக்-ஃப்ரீ அன்று. எந்த இழை எங்கு நின்றுபோனாலும், மற்றவற்றுள் ஏதேனும் ஒன்று தன் செயலை முடித்துக்கொண்டே இருக்கும் என்னும் உறுதியே அதன் வரையறை.

ஆகவே 'முடங்கா' என்பதை முன்மொழிகிறேன். ஓர் அறையின் கணுக்கள் (தரவுத் துண்டுகள்) கோத்த சங்கிலியின் தலையைப் படித்து, புதிய கணுவை அதனோடு கோத்து, தலையை ஒரே கட்டளையில் மாற்ற முயலும் இழை தோற்றால், இடையில் வேறொன்று தலையை மாற்றிவிட்டது என்றுதான் பொருள், அட்டவணை முடங்கவில்லை. எனினும் ஒரே இழை திரும்பத் திரும்பத் தோற்கக் கூடும். ஒவ்வோர் இழையும் வரம்புக்குட்பட்ட படிகளில் முடித்தே தீரும் என்ற வலிய உறுதிக்கு, கணினி அறிவியலாளர் மாரிஸ் ஹெர்லிஹி 1991-இல் விரிவாக ஆராய்ந்த 'வெயிட்-ஃப்ரீ' என்பதற்கு, 'காத்திரா' பொருந்தும். இரண்டும் 'ஓயா', 'வாடா' போன்ற ஈறுகெட்ட எதிர்மறைகளே. 'காத்திரமான' என்பதோடு இது குழம்பும் என்பீர்கள். அந்த அளவு குழப்பத்தைத் தமிழ் தாங்கும்.

இவ்வடைமொழிகளை அட்டவணைக்குச் சூட்டாமல் செயலுக்குச் சூட்டுவதே முறை. 2014-இல் வந்த ஜாவா 8 நிரல்மொழியின் கன்கரண்ட்-ஹாஷ்மேப் என்னும் ஹாஷ் அட்டவணையில், படித்தல் பூட்டுக்காகக் காத்து நிற்பதில்லை. வெற்று அறையில் முதல் கணுவை வைப்பது அணுநிலைக் கட்டளையால் நடக்கிறது. ஏற்கெனவே கணுவுள்ள அறையில் எழுதும்போது மட்டும் அவ்வறையின் முதல் கணு பூட்டப்படுகிறது. படிப்பு மிகுந்து எழுத்து அருகிய பணிச்சுமைக்கு இக்கலவை நன்றாகவே ஒத்துப்போகிறது. இதைப் பூட்டுள்ளது என்பதா, பூட்டில்லாதது என்பதா?

எஞ்சியிருப்பது, போட்டியின்றித் தனித்து ஓடினால் மட்டும் முடிக்கும் உறுதியைக் குறிக்கும் 'அப்ஸ்ட்ரக்ஷன்-ஃப்ரீ'. 'தடுக்கா' என்றால் அது இவ்வுறுதிகள் மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் 'நான்-பிளாக்கிங்' என்னும் பொதுச்சொல்லோடு மோதுகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.